மலைவீதியில் மோட்டார் சைக்கிள்: புதிதாக ஓட்டுவோருக்கு ஒரு பாடம்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிப்பவள் நான். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமார் முன்பெல்லாம் புள்ளிகளைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "டீச்சர், மகளுக்கு ஸ்கூட்டி ஒண்டு வாங்கிக் குடுக்கலாமா?" பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவியரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். "லைசன் எடுக்க என்ன செய்யணும் டீச்சர்?"

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. சப்ரகமுவ மாகாணத்தில் நம் வீடுகள் பிரதான வீதியோரத்தில் மட்டும் இல்லை. இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் தோட்டப் பாதையில் இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்தால்தான் பஸ் கிடைக்கும். மாலையில் கடைசி பஸ் போய்விட்டால் வகுப்புக்கோ வேலைக்கோ போன பிள்ளை வீடு வந்து சேரும் வரை தாய்க்கு நிம்மதி இல்லை. ஸ்கூட்டி இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும். ஆனால் வளைவும் இறக்கமும் மழையும் நிறைந்த வீதியில் பழக்கமில்லாத கைக்கு அதைக் கொடுத்தால் அதைவிடப் பெரிய கஷ்டத்தைக் கொண்டு வரவும் கூடும். எனவே மாணவியரும் பெற்றோரும் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டிய பாடமாக இதை எழுதுகிறேன்.

அனுமதிப்பத்திரத்தின் படிகள்

நம் நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அதற்கான அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வகுப்புகள் உள்ளன. எஞ்சின் கொள்ளளவு 100 கன சென்ரிமீற்றருக்கு (சீசீ) மேற்படாத இலகு மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ1 வகுப்பு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ வகுப்பு. அனுமதிப்பத்திரம் பெற 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும்.

இந்த 100 என்ற எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. "சின்ன ஸ்கூட்டிதானே" என்று நினைத்து விடுகிறோம். டீவீஎஸ் ஸ்கூட்டி பெப் 88 சீசீ அளவிலானது. அது ஏ1க்குள் அடங்கும். பார்வைக்கு அதைவிட அவ்வளவு பெரிதாகத் தெரியாத ஹொண்டா டியோவின் எஞ்சினோ 109 சீசீ. அதை ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். ஏ1 மட்டும் உள்ள பிள்ளை 110 அல்லது 125 சீசீ ஸ்கூட்டியை ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் அந்த வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் இல்லாதவளே. விபத்து ஒன்று நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே எந்த வண்டி வாங்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கும்.

முதற்படி மருத்துவச் சான்றிதழ். இதனைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் வழங்குகிறது. பார்வையில் குறை இருப்பதைச் சிலர் அங்கேதான் முதன்முதலில் அறிகிறார்கள். கரும்பலகை தெளிவாகத் தெரியவில்லை என்று முன்வாங்குக்கு வரும் மாணவி அதற்கு முன்பே கண் வைத்தியரிடம் போய்வருவது நல்லது.

இரண்டாவது எழுத்துப் பரீட்சை. 40 பல்தேர்வு வினாக்கள். 30 வினாக்களுக்காவது சரியான விடை எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். வீதிக் குறியீடுகள், முந்திச் செல்லும் ஒழுங்கு, சந்திகளில் யாருக்கு முன்னுரிமை என்பனவே பெரும்பாலும் கேட்கப்படும். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமல்ல. ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்துவிட்டு மறந்துவிடும் பாடமாக இதை எடுக்கக் கூடாது.

மூன்றாவது பயிலுனர் அனுமதிப்பத்திரமும் எல் பலகையும். நான்காவது செய்முறைப் பரீட்சை, நாம் 'ட்ரயல்' என்று சொல்வது. குறுகிய இடத்தில் காலூன்றாமல் வளைத்து ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். வேகமாகப் போகும்போது வண்டி ஓரளவு தானாகவே நேராக நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் சமநிலை, அக்சிலேற்றர், பிரேக் மூன்றையும் கையும் காலும் சேர்ந்து ஆள வேண்டும். ஒற்றைத் தட வீதியில் கொழுந்து லொறிக்கு ஒதுங்கி நிற்கவும், கல் பரவிய ஏற்றத்தில் திரும்பவும் தேவைப்படுவது அந்தத் திறமையே.

வேறு நாடுகளில் இந்தப் படிகள் இன்னும் நெருக்கமானவை. சிங்கப்பூரில் முதலில் 200 சீசீ வரையான வண்டிக்கே அனுமதி. ஓராண்டு ஓட்டிய பிறகே 400 சீசீ வரையான வகுப்புக்குப் படிக்கலாம். இன்னும் ஓராண்டு கழிந்தால்தான் அதற்கு மேல். பிரித்தானியாவில் 17 வயதில் 125 சீசீ, 19 வயதில் நடுத்தர வலுவுள்ளது, நேரடியாகப் பெரிய வண்டிக்குப் போவதானால் 24 வயது. வண்டியின் வலு, ஓட்டுபவரின் அனுபவத்தை முந்திவிடக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். நம் சட்டத்தில் இரண்டு படிகள்தான் உள்ளன. மற்றப் படிகளை வீட்டில் நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்கும் பௌதிகமும்

வகுப்பில் படித்த சமன்பாட்டை இனி வீதிக்குக் கொண்டு வருவோம். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு செக்கன் ஆகிறது என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 10 மீற்றர் போய்விடும். காய்ந்த சமதரையில் அமர்முடுகலைச் செக்கன் வர்க்கத்துக்கு 5 மீற்றர் என எடுத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை அமர்முடுகலின் இருமடங்கால் வகுத்தால் 100 ÷ 10 = 10 மீற்றர். மொத்தம் 20 மீற்றர்.

வேகத்தை 72 கிலோமீற்றராக்குங்கள். ஒரு செக்கனில் 20 மீற்றர், பிரேக் தூரம் 400 ÷ 10 = 40 மீற்றர், மொத்தம் 60 மீற்றர். வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரம் மூன்று மடங்கு.

இனி மழை. ஈர வீதியில் அமர்முடுகல் பாதியாகி 2.5 ஆகிறது என்று கொள்வோம். 54 கிலோமீற்றர் வேகத்தில் (செக்கனுக்கு 15 மீற்றர்) 15 + 45 = 60 மீற்றர். ஈர வீதியில் 54இல் போவதும் காய்ந்த வீதியில் 72இல் போவதும் நிற்கும் தூரத்தில் ஒன்றே.

இறக்கத்தைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும். பத்துக்கு ஒன்று சரிவில் புவியீர்ப்பு ஏறத்தாழ 1 மீற்றர் ஆர்முடுகலை எதிர்த்திசையில் தருகிறது. ஈர வீதியில் நமக்குக் கிடைத்த 2.5இல் மீதி 1.5தான். 36 கிலோமீற்றர் வேகத்திலேயே பிரேக் தூரம் 100 ÷ 3 = 33 மீற்றர்; முன்னைய 10 மீற்றரோடு 43. அதாவது நான்கு பஸ் வண்டிகள் வரிசையாக நிற்கும் நீளம். இரத்தினபுரி மாவட்டம் நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. இரத்தினபுரி நகரில் மட்டும் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நமக்கு ஈரமான இறக்கம் என்றோ ஒருநாள் வருவதல்ல, அன்றாடம்.

எந்தப் பிரேக்கைப் பிடிப்பது? வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சில்லுக்கு நகர்கிறது. ஆகவே முன்சில்லின் பிடி கூடுகிறது, பின்சில்லின் பிடி குறைகிறது. வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் பிரேக்குக்கே உரியது. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறியும்" என்று அண்ணன்மார் சொல்லிக் கொடுப்பது பாதி உண்மை. திடீரென்று இறுக்கினால், அல்லது வளைவில் சரிந்திருக்கும்போது இறுக்கினால் எறியும். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தினால் பாதுகாப்பாக நிற்கும்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹர்ட் என்பவரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. ஆபத்து நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சில்லை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று அது கண்டது. விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு செக்கனுக்கும் குறைவு. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இருக்கவில்லை. இரண்டு செக்கனுக்குள் யோசித்துச் செய்ய முடியாது. பழகிய கைதான் செய்யும். அதனால்தான் வெறும் மைதானத்தில் பிரேக் பிடிப்பதை நூறு முறை பழக வேண்டும் என்கிறேன்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் அது சூடாகிப் பிடி குறையும். கியர் வண்டியானால் ஏறப் போடும் கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டியில் இந்தப் பிடி குறைவு. ஆகவே இறக்கம் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் வழக்கம் தோட்டப் பாதைகளில் உண்டு. அது மிச்சமாக்கும் சில ரூபாய் ஓர் எக்ஸ்ரே படத்துக்கும் காணாது.

வளைவுகள்

அவிசாவளையிலிருந்து எஹெலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாகப் போகும் ஏ4 வீதி, மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவைக்கு ஏறும் ஏ1 வீதி, கரவனெல்லையிலிருந்து எட்டியாந்தோட்டை, கிதுல்கல ஊடாக மேலேறும் ஏ7 வீதி, இறக்குவானைக்கு மேலே புளுத்தோட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகள்: இவை நம் பாடசாலைகளுக்கு அருகிலுள்ள செய்முறை ஆய்வுகூடங்கள்.

வளைவில் திரும்பத் தேவையான ஆர்முடுகல் வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தது. 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டை ஊசி வளைவை 36 கிலோமீற்றரில் எடுத்தால் 100 ÷ 15 = 6.7. ஈரத் தாரில் டயருக்கு அவ்வளவு பிடி கிடைக்காது, வண்டி வழுக்கும். 18 கிலோமீற்றரில் எடுத்தால் 25 ÷ 15 = 1.7. தாராளமாகத் திரும்பலாம். வேகத்தைப் பாதியாக்கினால் தேவை கால்பங்காகிறது.

இதிலிருந்து ஒழுங்கு தானாகவே வருகிறது. வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடியுங்கள். டயரின் பிடி ஒன்றுதான். அதைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே நேரத்தில் பங்கிட்டால் இரண்டுக்கும் போதாது. பார்வையை வளைவின் முடிவுக்குச் செலுத்துங்கள். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரின் வண்டி பள்ளத்துக்கே போகும். மறைவான வளைவில் ஹோர்ன் அடியுங்கள். இடப்பக்கத்திலேயே இருங்கள். நீளமான பஸ் கொண்டை ஊசியில் திரும்பும்போது அதன் பின்சில்லு உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளிக்குள் நுழையவே கூடாது. ஒடுங்கிய பாதையில் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் இடம் கொடுப்பது மலைநாட்டு ஒழுங்கு.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெயும் கலந்து வீதி அதிகம் வழுக்கும். மஞ்சள் கடவையின் வர்ணக் கோடுகள், பாலத்தின் இரும்புத் தகடுகள், மாணிக்கக் குழிகளிலிருந்து வரும் லொறிகள் சிந்திய களிமண் ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ வேண்டாம். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிரும். காய்ந்த சருகுக்கு அடியில் ஈரம் தங்கியிருப்பது மேலே தெரியாது. அதிகாலையில் பெரட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் பாதையோரத்தில் இருளோடு இருளாக நடந்து போவார்கள். பலாங்கொடைக்கு அப்பால் மூடுபனியும் இருக்கும். லைற் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே அந்த நேரத்துக்குரிய வேகம். மலையிலிருந்து மண்ணும் கல்லும் உருண்டு வரத் தொடங்கியிருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைக் கண்ட மாகாணத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தலைக்கவசமும் உடையும்

தலைக்கவசத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1935 மே மாதம் இங்கிலாந்தில், "அரேபியாவின் லோரன்ஸ்" எனப்பட்ட டீ. ஈ. லோரன்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் போகும்போது, வீதியின் ஒரு தாழ்வில் மறைந்திருந்த இரண்டு சைக்கிள் பையன்களைக் கடைசி நேரத்தில் கண்டு வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயார்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கி, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941இல் ஒரு மருத்துவக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பிரித்தானிய இராணுவத்தினருக்கு அது கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அங்கே 1973இல் சட்டமாயிற்று. உலகின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மீளாய்வின்படி, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதத்தாலும் தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது.

நம் நாட்டில் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயம். எஸ்.எல்.எஸ். தரச்சின்னம் உள்ளதை வாங்குங்கள். பட்டி பூட்டப்படாத கவசம் விழும்போது முதலில் கழன்று போகும். பர்தா அணிபவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். உயரமாகக் கட்டிய கொண்டை கவசத்தைத் தலையில் சரியாக அமரவிடாது; கூந்தலைக் கழுத்தடியில் தாழ்வாக முடியுங்கள். கவசத்தின் உள்ளே ஊசி, கிளிப் எதுவும் இருக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் தொப்பியும் வழுக்காத துணியும் போதும். கவசத்தை வாங்கும்போது அந்தத் துணியோடேயே அணிந்து அளவு பாருங்கள்.

ஹபாயாவின் ஓரமும் சாலின் நுனியும் சங்கிலியிலோ சில்லிலோ சிக்கினால் ஒரு செக்கனுக்குள் ஆளை இழுத்துவிடும். சால் கழுத்தைச் சுற்றியிருந்தால் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. இதனால் ஓட்டக் கூடாது என்றோ உடையை மாற்ற வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. உடைக்குள்ளே நீளக் காற்சட்டை அணிந்து, ஹபாயாவின் கீழ்ப்பகுதியை இருக்கையில் உட்காரும் முன்பே ஒதுக்கித் தொடைக்கடியில் செருகிக்கொள்ளலாம். சாலின் இரு நுனிகளையும் மேலாடைக்குள் விட்டுவிடலாம். மூடிய சப்பாத்து அணியலாம். அடக்கமான உடையும் பாதுகாப்பான பயணமும் ஒன்றுக்கொன்று எதிரல்ல.

பின்னால் அமர்ந்து போகும் உம்மாமாருக்கும் இது பொருந்தும். இந்திய வண்டிகள் பின்சில்லின் பக்கத்தில் ஒரு மறைப்போடு வருகின்றன. சேலைக் காவல் என்பார்கள். உடை சிக்காதபடி பின்சில்லின் பாதியையாவது மூட வேண்டும் என்பது இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உண்டு. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று நம் தம்பிமார் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒருக்களித்து உட்காராமல் இருபுறமும் கால் போட்டு, மிதியில் பாதம் வைத்து உட்காருவதே பின்னிருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் சமநிலை தரும்.

பெற்றோருக்கு

சாவியைக் கொடுப்பதை ஒரே நாளில் செய்யாமல் படிகளாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் மைதானத்தில் மட்டும்: புறப்படுதல், மெதுவாக வளைத்தல், பிரேக். அடுத்து, எல் பலகையுடன், வாகனம் குறைந்த நேரத்தில், காய்ந்த பாதையில். அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகும் முதல் மூன்று மாதம் இரவும் கடும் மழையும் தனியாக வேண்டாம்; பின்னால் ஆளும் வேண்டாம். அதன்பின் ஒவ்வொன்றாகத் திறந்து விடுங்கள். 18 வயது ஆகாத மகனுக்குக் "கடைக்கு மட்டுந்தானே" என்று சாவி கொடுக்கும் வீட்டில், 19 வயது மகளுக்கு லைசன் எடுக்க அனுமதி மறுக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். ஆபத்தைக் கணக்கிடும்போது ஆண் பெண் என்று பார்க்காமல் வயதையும் பயிற்சியையும் பாருங்கள்.

மகளே, உன் பக்கத்துக் கடமையும் உண்டு. ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் டயரின் காற்று, இரண்டு பிரேக், லைற், சிக்னல், கண்ணாடி ஆகியவற்றை ஒரு நிமிடம் பார். தொலைபேசி பையினுள் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் படித்தவர்கள் நாம். பிரேக்கைச் சோதித்துவிட்டுப் பயணத் துஆ ஓதுவது அந்த வழியே.

வீதியில் யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால் முதலில் பின்னால் வரும் வாகனங்களை நிறுத்துங்கள். 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள். மூச்சுவிடத் தடை இல்லாவிட்டால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கழுத்தை அசைக்கவோ தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடக்கி வைக்கவோ வேண்டாம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கொள்ளளவு எவ்வளவு? அதை ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரத்தில் உள்ள வகுப்பு அதற்குப் பொருந்துமா?

2. செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில், ஈரமான சமதரையில் மேலே தந்த அளவுகளின்படி நிற்கும் தூரத்தைக் கணியுங்கள். அதே தூரத்தை உங்கள் வீட்டுப் பாதையில் அடியெடுத்து அளந்து பாருங்கள்.

3. உங்கள் வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள பாதையை வரைந்து, மறைவான வளைவுகள், வழுக்கும் இடங்கள், காலையில் ஆட்கள் நடக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். அதை வீட்டில் வண்டி ஓட்டும் ஒருவரிடம் காட்டி, விடுபட்டவற்றைக் கேட்டுச் சேருங்கள்.